ரன்னிங் பேக்கின் முழங்காலுக்கு வயது வேறு

டல்லாஸ் புறநகர் ஒன்றில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். டெக்சாஸில் வெள்ளிக்கிழமை இரவு என்றால் பள்ளி ஃபுட்பால்தான். ஊரே மைதானத்தில் கூடிவிடும். சீசன் தொடங்கிய இரண்டாவது வாரமே எங்கள் கிளினிக்கில் கூட்டம் சேர ஆரம்பிக்கும். ஐஸ் பையை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பையன் "ரன்னிங் பேக்" என்று சொன்னால், உடனே நான் கேட்பது ஒன்றுதான்: ஒரு மேட்ச்சுக்கு எத்தனை கேரி?

அமெரிக்க ஃபுட்பால் பார்த்துப் பழகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அணியின் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் கையில் கொடுக்கும் பந்தை வாங்கிக்கொண்டு, எதிரணிக்காரர்களுக்கு நடுவே கிடைக்கிற சந்தில் புகுந்து ஓடுபவர்தான் ரன்னிங் பேக். அப்படி ஒருமுறை ஓடுவது ஒரு கேரி. பெரும்பாலான கேரிகள் யாராவது மோதிக் கீழே தள்ளுவதில்தான் முடியும். தொழில்முறை ஆட்டத்தில் மோத வருகிறவர் 110 கிலோ இருப்பார், சில சமயம் 140 கிலோகூட. பந்து கையில் இல்லாதபோதும் ஓய்வு கிடையாது. குவார்ட்டர்பேக் மேல் பாய வருகிறவரைக் குறுக்கே நின்று மறிக்க வேண்டும்.

ஆனால் முழங்கால் ஜவ்வு அறுவதற்கு மோதல்கூடத் தேவையில்லை. முழு வேகத்தில் வந்து ஒரு காலை ஊன்றி, சட்டென்று பக்கவாட்டில் திரும்புகிறான். பாதம் தரையில் பிடித்துக்கொண்டிருக்கிறது, உடம்பு திரும்பிவிடுகிறது. அந்த முறுக்கு முழுவதும் ஏசிஎல் என்கிற ஜவ்வின் மேல் விழுகிறது. "டப்பென்று ஒரு சத்தம் கேட்டது" என்று பலரும் சொல்வார்கள். அன்றைக்கே மூட்டு வீங்கிவிடும்.

அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லில் ஒரு ரன்னிங் பேக்கின் ஆட்டக்காலம் சராசரியாக மூன்று ஆண்டுகூட இல்லை என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. இதைச் சொன்னால் இந்த ஊர் அப்பாக்கள் எம்மிட் ஸ்மித்தைக் காட்டுவார்கள். டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியின் நாயகர், 15 சீசன், 4,409 கேரி, பந்தோடு ஓடிய தூரம் 18,355 யார்டு. இன்றுவரை அதை யாரும் தாண்டவில்லை. அவரைப் போல இன்னொருவர் வரவில்லை என்பதைத்தான் அந்த எண்ணும் சொல்கிறது. டென்வர் அணியின் டெரல் டேவிஸ் 1998இல் 2,008 யார்டு ஓடினார். மறு வருடம் நான்காவது மேட்ச்சில், எதிரணி பிடித்துவிட்ட பந்தை மறிக்க ஓடியபோது முழங்கால் ஜவ்வுகள் கிழிந்தன. அப்போது அவருக்கு 26 வயது. பழைய டேவிஸை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. அதே 1998இல் அட்லாண்டாவின் ஜமால் ஆண்டர்சன் 410 முறை பந்தைச் சுமந்தார்; அடுத்த சீசனின் இரண்டாவது மேட்ச்சிலேயே ஜவ்வு போனது. 2006இல் கான்சஸ் சிட்டியின் லாரி ஜான்சன் 416 கேரி ஓடினார். ஒரு சீசனுக்கு இன்றும் அதுதான் சாதனை. மறு வருடம் பாதத்தில் அடிபட்டு பாதி சீசனோடு உட்கார்ந்தார். அதன் பிறகு ஒரு சீசனிலும் ஆயிரம் யார்டை அவர் எட்டவில்லை.

எனக்கு அதிகம் வலிப்பது எர்ல் கேம்பெல்லின் கதை. இங்கிருந்து கிழக்கே இருக்கும் டைலர் ஊர்க்காரர். ஹூஸ்டன் அணிக்காக 1980இல் மட்டும் 373 கேரி. ஒதுங்கி ஓடமாட்டார், நேராக முட்டித் தள்ளிக்கொண்டு போவார். எட்டே சீசனில் ஓய்வு. பிற்காலத்தில் முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சைகள், செயற்கை முழங்கால், வாக்கர், சக்கர நாற்காலி.

இதில் பணக் கணக்கும் இருக்கிறது. பள்ளி முடித்து மூன்று ஆண்டு ஆனால்தான், என்எஃப்எல் அணிகள் புது வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டுக்குப் போக முடியும். லீக்கும் வீரர் சங்கமும் 2011இல் போட்ட ஒப்பந்தத்திலிருந்து, அப்படித் தேர்வாகிறவருக்கு முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டு, சம்பளமும் தேர்வு வரிசைப்படி ஏற்கெனவே வகுத்ததுதான். அது முடியும்போது வயது 25, 26. பெரிய தொகை பேச வேண்டிய அந்த நேரத்தில், இந்தக் கால் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று அணிகள் யோசிக்கின்றன. 15 வயதில் பள்ளிக்காக வாரா வாரம் 30 கேரி ஓடிய பையனுக்கு அதற்குள் பத்து வருடத் தேய்மானம் சேர்ந்திருக்கும்.

போன வருடம் பார்த்த ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 16 வயது. அக்டோபரில் ஜவ்வு அறுந்து நவம்பரில் அறுவை சிகிச்சை. சிறிய பள்ளி என்பதால் பந்தோடு ஓடுவதும் அவன்தான், எதிரணியை மறிக்க நிற்பதும் அவன்தான். பிப்ரவரியிலேயே வலி போய்விட்டது. ஆபத்தான கட்டமே அதுதான். ஜவ்வுக்குப் பதிலாக வைத்துத் தைத்த தசைநாருக்குள் புதிதாக ரத்தக்குழாய் ஓடி, அது ஜவ்வாக மாறி இறுக மாதக்கணக்கில் ஆகும். வலி இல்லை என்பதற்கும் அதன் பலத்துக்கும் சம்பந்தமே இல்லை.

இன்ச் டேப் வைத்து முழங்கால் சில்லுக்கு 10 செ.மீ. மேலே இரண்டு தொடையையும் அளந்தேன். 3 செ.மீ. வித்தியாசம். ஜூன் மாதம் ஒற்றைக் காலில் தாண்டச் சொன்னேன். நல்ல காலில் 1.72 மீட்டர், அறுவை செய்த காலில் 1.38. அதாவது 80 சதவீதம். குறைந்தது 90 வர வேண்டும். அவன் அப்பா, "ஏட்ரியன் பீட்டர்சன் ஜவ்வு அறுந்து எட்டரை மாதத்துக்குள் திரும்பிவந்து 2,097 யார்டு ஓடவில்லையா?" என்று கேட்டார். ஓடினார், 2012இல், சீசனின் சிறந்த வீரருக்கான எம்விபி விருதும் வாங்கினார். ஆனால் அவர் 27 வயது ஆள், பின்னால் ஒரு அணியின் மருத்துவக் குழுவே நின்றது. பதின்வயதில் அவசரப்பட்டு இறங்குகிறவர்களுக்குத்தான் மறுபடி அறுவது அதிகம், சில சமயம் மற்ற காலில். ஒன்பது மாதம் என்பது குறைந்தபட்சம். அதற்கு மேல் கால்தான் முடிவு சொல்ல வேண்டும். பொறுத்தால் பலன் உண்டு. கல்லூரியிலேயே இரண்டு முழங்காலிலும் ஜவ்வு அறுந்த ஃபிராங்க் கோர், 16 சீசன் ஆடி 16,000 யார்டு ஓடினார்.

பெற்றோர் ஒரு நோட்டில் கேரிகளை எழுதிவையுங்கள். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் கோச்சிடம் போய்ப் பேசுங்கள், இன்னொரு பையனையும் தயார் செய்யச் சொல்லுங்கள். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்ளே மடியாமல் இருக்கத் தனிப் பயிற்சி இருக்கிறது. வார்ம்அப்பில் பத்து, பதினைந்து நிமிடம் செய்தாலே ஜவ்வுக் காயம் குறைகிறது. ராத்திரி மூட்டு வீங்கியிருக்கிறதா என்று நீங்களே தொட்டுப் பாருங்கள், பையன்கள் மறைப்பார்கள். தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்ற சந்தேகம் வந்தால், அன்றைக்கு மறுபடி களமிறக்க டெக்சாஸ் சட்டமே அனுமதிப்பதில்லை. பையன் கெஞ்சினாலும் விட்டுவிடாதீர்கள்.

ஆகஸ்டில் அவனை மறுபடி தாண்டச் சொன்னேன். 1.51 மீட்டர், 88 சதவீதம். தரையில் ஒட்டியிருந்த டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், "இன்னொரு தடவை தாண்டவா?" என்றான். வேண்டாம் என்றேன். நான்கு வாரம் கழித்து வரச் சொல்லி, தேதியை எழுதி அவன் அம்மாவிடம் கொடுத்தேன்.