நன்றி சொல்ல ஏன் கூச்சப்படுகிறோம்?

நமக்கு நல்லது செய்தவர்களை நினைத்து மனதுக்குள் நெகிழ்வோம். நேரில் பார்த்தால் மட்டும் வாய் வராது. “இத்தனை வருஷம் கழிச்சுச் சொன்னா என்ன நினைப்பாங்களோ” என்று ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்துக்குப் பின்னால் இருப்பது ஒரு தப்புக் கணக்கு என்று அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற உளவியலாளர்கள் 2018-ல் காட்டினார்கள்.

தங்கள் வாழ்க்கையில் நல்லது செய்த ஒருவருக்கு நன்றிக் கடிதம் எழுதும்படி சிலரைக் கேட்டார்கள். அதைப் படிப்பவர் எவ்வளவு ஆச்சரியப்படுவார், எவ்வளவு மகிழ்வார், எவ்வளவு சங்கடப்படுவார் என்றும் அவர்களையே கணிக்கச் சொன்னார்கள். பிறகு கடிதம் கிடைத்தவர்களிடமே விசாரித்தார்கள். எழுதியவர்கள் எதிர்பார்த்ததைவிட அவர்கள் அதிகம் மகிழ்ந்திருந்தார்கள். சங்கடமோ நினைத்த அளவுக்கு இல்லை.

ஏன் இந்த வித்தியாசம்? எழுதுகிறவருக்கு ‘சரியான வார்த்தை அமைந்ததா, உளறிவிட்டோமா’ என்ற கவலை. படிக்கிறவர் நடையைப் பார்ப்பதில்லை, தன்னை ஒருவர் நினைத்து எழுதியிருக்கிறார் என்ற பிரியத்தைத்தான் பார்க்கிறார். நன்றாகச் சொல்ல வரவில்லையே என்று தள்ளிப்போட்ட நன்றிகள் நம் எல்லோரிடமும் உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றைத் திக்கித் திணறிச் சொல்லியிருந்தாலே போதும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, வீட்டில்? அம்மாவிடம் ‘நன்றி’ என்றால், “என்னடா, புதுசா இருக்கு” என்பார். இது நம்மூர் வழக்கம் மட்டுமில்லை. ஐந்து கண்டங்களைச் சேர்ந்த எட்டு மொழிகளில் அன்றாடப் பேச்சைப் பதிவு செய்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், வீட்டாரும் நண்பர்களும் கேட்ட உதவியைச் செய்து கொடுத்தபோது சுமார் இருபதுக்கு ஒரு முறைதான் நன்றி சொல்லப்பட்டது. ஆங்கிலத்திலேயே ஏழுக்கு ஒன்று என்ற அளவுதான். நெருங்கியவர்களுக்குள் உதவி என்பது இயல்பு. நன்றி சொல்லாதது மரியாதைக் குறைவு ஆகாது.

அதனால் வீட்டில் அந்தச் சொல்லை வலிந்து புகுத்த வேண்டியதில்லை. செய்த காரியத்தைச் சொன்னால் போதும். சாரா ஆல்கோ என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் ஜோடிகள் ஒருவருக்கொருவர் நன்றி சொல்வதைப் பதிவு செய்து அலசினார்கள். ‘எனக்கு எவ்வளவு வசதியாப் போச்சு’ என்று தன் லாபத்தைச் சொன்னதைவிட, ‘நீ எவ்வளவு யோசிச்சுச் செஞ்சிருக்க’ என்று செய்தவரைப் பாராட்டியதுதான் கேட்டவர் மனதைத் தொட்டது. கேஸ் சிலிண்டர் போடுகிறவரிடம் “தாங்க்ஸ்ணா” என்பதோடு, “இந்த வெயில்ல மூணு மாடி தூக்கிட்டு வந்திருக்கீங்களே, தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்று சேர்த்துப் பாருங்கள். அவர் பட்ட சிரமத்தை நாம் கவனித்தோம் என்பது அவருக்குத் தெரிகிறது.

இப்படி நன்றி சொல்வதைத் தினப் பழக்கமாக்குவதில் ஒரு சிக்கல் உண்டு: எதையும் திரும்பத் திரும்பச் செய்தால் மனம் அதற்குப் பழகிவிடும். உளவியலாளர் சோன்யா லியூபோமிர்ஸ்கியின் ஆறு வாரச் சோதனையில், தனக்கு வாய்த்த நல்லவற்றை வாரம் ஒரு முறை எழுதியவர்களுக்கு மகிழ்ச்சி கூடியது. வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. அது தனக்குள் எழுதிப் பார்ப்பது பற்றிய சோதனைதான். ஆனாலும் பிறரிடம் சொல்லும்போதும் ஆளையும் விஷயத்தையும் மாற்றிக்கொண்டே இருப்பது நல்லது. தினமும் “சாப்பாடு சூப்பர்” என்றால் நாலாம் நாள் அது காதில் விழாது. “ரசத்துல இன்னைக்கு மிளகு தூக்கலா இருந்துச்சு, தொண்டைக்கு இதமா இருக்கு” என்றால் விழும்.

பழக்கம் படிய எத்தனை நாள்? லண்டனில் பிலிப்பா லாலி குழு 2010-ல் வெளியிட்ட ஆய்வில் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆனது. நடு அளவு 66. தினமும் நடக்கிற ஒன்றோடு புதிய செயலை முடிச்சுப் போடுவதுதான் அதில் முறை. மாலைக் காபி முடிந்ததும் ஒருவருக்குப் போன் அல்லது ஒரு வாட்ஸ்அப் குரல் செய்தி என்று வைத்துக்கொள்ளலாம். இடையில் ஒரு நாள் தவறினாலும் பழக்கம் படிவது பெரிதாகக் கெடவில்லை என்பதையும் அவர்கள் பார்த்தார்கள்; அடுத்த நாள் காபிக்கு அப்புறம் தொடர்ந்துகொள்ளலாம்.