‘விசேஷம் உண்டா?’ என்ற கேள்விக்குப் பின்னால்: தாம்பத்யத்தில் தசை இறுகினால்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கல்யாணமாகி ஒன்றிரண்டு வருடமான தம்பதிகள் ‘இன்னும் தங்கலை’ என்று வருவார்கள். ரத்தப் பரிசோதனை, விந்துப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கும். உள்வழி ஸ்கேன் எடுக்கப் போகும்போதுதான் விஷயம் புரியும். தொடைகள் ஒட்டிக்கொள்ளும், கால்விரல்கள் மடங்கும், இடுப்பு கட்டிலை விட்டு எழும்பும், மூச்சு நின்றிருக்கும். தனியாக உட்காரவைத்துக் கேட்டால், "இதுவரைக்கும் ஒண்ணும் நடக்கல டாக்டர்" என்பார் அந்தப் பெண்.

இதன் பெயர் வெஜைனிஸ்மஸ். ஏதோ உள்ளே வரப்போகிறது என்றதுமே யோனியைச் சுற்றியுள்ள இடுப்புத்தளத் தசைகள் தாமாக இறுகிவிடுகின்றன. ஊசி போடும் நர்ஸ் "தளர்த்தி விடும்மா" என்று சொல்லச் சொல்ல இடுப்புத் தசை கல்லாகிறதல்லவா, அதே வேலைதான் இதுவும். பயத்தால் இறுக்கம், இறுக்கத்தால் வலி, அந்த வலியால் அடுத்த முறை இன்னும் பயம். இவை ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால்தான் 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் இதையும் உறவின்போது வரும் வலியையும் ஒரே நோய்த்தலைப்பில் சேர்த்தது. புருஷன் மேல் ஆசை இல்லாததால் வருவது என்று சொல்வது அநியாயம். ஆசையும் உச்சமும் இயல்பாக இருக்கும் பெண்களுக்கும் இது வருகிறது.

முதலில் வலிக்கு வேறு காரணம் உண்டா என்று பார்க்க வேண்டும்: பூஞ்சைத் தொற்று, பிரசவத் தையல் தழும்பு, பால் கொடுக்கும் காலத்திலோ மாதவிடாய் நின்ற பிறகோ வரும் வறட்சி. யோனி வாசலில் எரியாமல் ஆழத்தில் வலித்தால் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் நோய்) இருக்கிறதா என்றும் தேடுவோம். பெரும்பாலும் பேச்சிலேயே நோய் தெரிந்துவிடும். முதல் நாளே உள்பரிசோதனை செய்தாக வேண்டும் என்பதில்லை. ‘கன்னித்திரை தடிப்பு, வெட்டிவிடலாம்’ என்று யாராவது சொன்னால் இரண்டாவது கருத்துக் கேளுங்கள். திரையை வெட்டினாலும் தசை இறுகத்தான் செய்யும்.

சிகிச்சை தொடங்கும் நாளிலிருந்து உறவு முயற்சியை அறவே நிறுத்தச் சொல்வோம். அணைப்பு, முத்தம், வெளித்தொடுகை எல்லாம் இருக்கலாம். ‘இன்றைக்கு நடந்தாக வேண்டும்’ என்ற கெடு போனாலே உடம்பு பாதி தளரும்.

முதல் வாரம் மூச்சு. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, வயிற்றில் கை வைத்து, நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட வேண்டும். தினம் இரண்டு வேளை, ஐந்து ஐந்து நிமிடம். மூச்சு இழுக்கும்போது இடுப்புத்தளம் கீழே இறங்குவதைக் கவனியுங்கள். பிரசவத்துக்குப் பிறகு சொல்லித்தரும், இடுப்புத்தளத்தை இறுக்கி இறுக்கி விடும் கீகல் பயிற்சியை இங்கே செய்யக் கூடாது. ஏற்கெனவே இறுகிய தசையை அது மேலும் இறுக்கும்.

பிறகு கைக்கண்ணாடியில் பார்த்து, வெளியே தொட்டுப் பழக வேண்டும். அடுத்தது சுண்டுவிரல் நுனி. நகம் வெட்டி, நீர் அடிப்படையிலான ஜெல் தடவி, வாயு பிரிப்பதுபோல மெல்ல முக்கிக்கொண்டே முதல் கணுவரை மட்டும் விடுங்கள். விரல் வால் எலும்பை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். தொப்புளை நோக்கி நேராகத் தள்ளினால் எலும்பில் இடித்து வலிக்கும். பத்துக்கு மூன்றைத் தாண்டி வலித்தால் அங்கேயே நிறுத்தி மூச்சு விடுங்கள், வெளியே இழுக்க வேண்டாம். மிளகாய் அரைத்த கையோடு இந்தப் பக்கமே போகக் கூடாது. அந்தக் காரம் வெறும் தண்ணீரில் போகாது. சமையலுக்கு முன்பே பயிற்சியை முடித்துவிடுவது நல்லது.

விரல் பழகியதும் டைலேட்டர். சுண்டுவிரல் பருமனில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாகும் குழாய்கள் அவை. வாரம் நான்கைந்து நாள், பத்துப் பதினைந்து நிமிடம். முதலில் அசைக்காமல் வைத்திருங்கள், பிறகு மெல்ல அசையுங்கள். மூன்று முறை தொடர்ந்து நிம்மதியாகப் போனால்தான் அடுத்த அளவு. சிலிக்கான் டைலேட்டருக்குச் சிலிக்கான் ஜெல் ஆகாது. தேங்காய் எண்ணெய் தடவினால் ரப்பர் ஆணுறை கிழியும். கடைசி அளவுக்குப் பிறகு கணவரின் விரல், அதற்குப் பிறகுதான் உறவு. அப்போதும் மனைவி மேலிருந்து ஆழத்தையும் வேகத்தையும் தீர்மானிக்கட்டும். சில மாதங்கள் ஆகலாம். இதற்கும் மசியாத சிலருக்கு மட்டுமே அனுபவமுள்ளவர் கையால், தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி. அதற்குப் பிறகும் டைலேட்டர் உண்டு.

எங்கள் பகுதியில் இரண்டு விஷயங்கள் சிகிச்சையைக் கெடுக்கின்றன. ஒன்று, லீவு. சிங்கப்பூரிலிருந்து ஒரு மாதத்துக்கு வரும் கணவர், அதற்குள் எல்லாம் முடிய வேண்டும் என்று அவசரப்படுவார். மனைவி தனியே செய்யும் பயிற்சிக்கு அவர் ஊரில் இருக்க வேண்டியதே இல்லை. இவர் இங்கே மூச்சையும் டைலேட்டரையும் தொடரலாம். இன்னொன்று வீடு. வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றி அறைகள், வளவில் எந்நேரமும் பெரியவர்கள். கதவு தாழிடும் சத்தத்துக்கே உடம்பு விறைத்துப்போகும் என்று பெண்கள் சொல்கிறார்கள். மதியம் எல்லோரும் படுக்கும் நேரம் பலருக்குத் தோதாக இருக்கிறது. முதலிரவு விரிப்பில் ரத்தம் தேடும் பழக்கத்தை மாமியார்மார் விட்டே ஆக வேண்டும். முதல் உறவில் ரத்தம் வராத பெண்கள் ஏராளம்.

சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகளிர் பிரிவில் தொடங்கலாம். சொல்லக் கூச்சமாக இருந்தால், ‘தொட்டாலே இறுகுகிறது, உள்ளே எதுவும் போகவில்லை’ என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள். மனம் ரொம்பக் கலங்கினால் அரசின் மனநல உதவி எண்ணான 14416க்குக் கூப்பிடுங்கள், இலவசம். உறவு முழுமையாக நடக்காமலும் கருத்தரிப்பு உண்டு. அப்படிக் கருவுற்றால் ஸ்கேனை வயிற்றின் மேலேயே எடுக்கக் கேளுங்கள், பிரசவ அறையில் உள்பரிசோதனை பற்றி முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இந்த இறுக்கம் ஒன்றுக்காகவே சிசேரியன் தேவைப்படாது.