கமராவைத் தாங்கும் கை

போன ஆடியில் எங்கள் தோட்டத்துக் கோயிலில் ஒரு கமரா பூட்டினார்கள். வளைவில் திரும்பும் பாதையும் தெரியட்டும் என்று, சுவரிலிருந்து 60 சென்ரிமீற்றர் நீளத்துக்கு ஓர் இரும்புப் பட்டையை நீட்டி நுனியில் பொருத்தினார்கள். ஹட்டன் பக்கத்தில் தென்மேற்குப் பருவக்காற்று எப்படி அடிக்கும் என்று தெரியும்தானே. படம் ஆடிய ஆட்டத்தில் யார் முகமும் தெரியவில்லை. கமரா சரியில்லை என்றார்கள். கமராவில் குறையில்லை, குறை அதைத் தாங்கிய இரும்புக் கையில்தான்.

தண்ணீர் வாளியை உடம்போடு அணைத்துப் பிடிப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. ஆனால் கணக்கு நாம் நினைப்பதைவிடக் கடுமையானது. அதே பாரத்துக்குக் கையின் நீளம் இரண்டு மடங்கானால், நுனி எட்டு மடங்கு தாழும். நான்கு மடங்கு சாயும். படத்தைக் கெடுப்பது அந்தச் சாய்வு. கமரா நேராக 2 மில்லிமீற்றர் இறங்கினால் காட்சியும் அவ்வளவுதான் நகரும், கண்ணுக்கே தெரியாது. பாகையில் பத்தில் ஒரு பங்கு சாய்ந்தாலோ, 30 மீற்றர் தள்ளி நிற்பவர் 5 சென்ரிமீற்றர் நகர்ந்தது போலத் தெரிவார். அது திரும்பத் திரும்ப நடந்தால் முகம் கலங்கிவிடும்.

அதனால் முதலில் கையைக் குறுக்க வேண்டும். முடியாவிட்டால் வடிவத்தை மாற்றலாம். 40 மில்லிமீற்றர் அகலமும் 5 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள பட்டையைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வைத்தால், மேல்கீழ் வளைவை 64 மடங்கு எதிர்க்கும். எனக்கு இன்றும் வியப்பாக இருக்கும் கணக்கு இது. இரும்பு அதே இரும்புதான்! ஆனால் நிமிர்த்திய பட்டை பக்கக்காற்றுக்கு வளையும். எல்லாப் பக்கமும் தாங்குவது பொக்ஸ் பார் என்ற சதுர இரும்புக் குழாய்தான். இஸ்தோப்புக் கூரைக்குக் கொடுப்பது போலக் கீழிருந்து ஒரு சாய்வு முட்டும் கொடுத்தால் இன்னும் நல்லது.

அப்புறம் சுவர். 60 சென்ரிமீற்றர் கையின் நுனியில் 1 கிலோ கமரா, கையைச் சுவரோடு பூட்டும் தகட்டின் உயரம் 10 சென்ரிமீற்றர் என்றால், மேல் போல்ட்டுகளை ஏறக்குறைய 6 கிலோ பாரம் வெளியே இழுக்கும். தகட்டை 20 சென்ரிமீற்றர் ஆக்கினால் 3 கிலோ. சுண்ணாம்புச் சாந்து உதிரும் பழைய சுவரில் இந்த வித்தியாசம் பெரியது.

மழையையும் மறக்கக்கூடாது. பொக்ஸ் பாரின் வாயை அடைத்து, அடியில் சிறு துளை போட்டால் உள்ளே நீர் தேங்காது. வயரை நேராகச் சுவருக்குள் விடாமல், சுவர்த் துளைக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலேற்றினால், வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.