விலாங்கு எங்கே முட்டையிடுகிறது?

ஐரோப்பாவின் ஆறுகளிலும் குளங்களிலும் வளரும் விலாங்கை மக்கள் காலங்காலமாகப் பிடித்துச் சாப்பிட்டு வருகிறார்கள். ஆனால் அது இயற்கையில் முட்டையிடுவதை இன்றுவரை ஒருவரும் பார்த்ததில்லை. கடலில் அதன் முட்டை ஒன்றுகூடக் கிடைத்ததில்லை.

விலாங்கின் வயிற்றை அறுத்தாலும் முட்டையோ விந்தோ இல்லை, ஆகவே அது சேற்றிலிருந்து தானாக உண்டாகிறது என்று அரிஸ்டாட்டில் எழுதினார். அவரைக் குறை சொல்ல முடியாது. 1876-ல் மாணவராக இருந்த சிக்மண்ட் ஃபிராய்ட், பிற்காலத்தில் மனதை ஆராய்ந்து புகழ்பெற்ற அதே ஃபிராய்ட், ட்ரியெஸ்ட் நகரில் சுமார் 400 விலாங்குகளை அறுத்து விந்தகத்தைத் தேடினார். அவராலும் உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை.

ஆற்றில் இருக்கும்வரை விலாங்கின் இனப்பெருக்க உறுப்புகள் முதிர்வதே இல்லை என்பதுதான் இதற்குக் காரணம். பல ஆண்டுகள் மஞ்சளும் பழுப்புமாக வாழ்ந்த பிறகு அதன் உடல் வெள்ளி நிறமாகும், கண்கள் பெரிதாகும், குடல் சுருங்கும். அப்புறம் சாப்பாடே கிடையாது. சேர்த்து வைத்த கொழுப்பை நம்பிக் கடலில் இறங்கிவிடும். முதிர்ச்சியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

குஞ்சுகளும் அடையாளம் தெரியாமல்தான் இருந்தன. மூங்கில் இலைபோலத் தட்டையாக, ஒளி ஊடுருவும் ஓர் உயிரை வேறொரு மீன் இனம் என்றே நினைத்துத் தனிப்பெயர் வைத்திருந்தார்கள். 1890-களில் இத்தாலியின் கிராஸியும் கலாண்ட்ரூச்சியோவும்தான் அது விலாங்கின் இளம்பருவம் என்று கண்டுபிடித்தார்கள்.

சரி, அந்தக் குஞ்சு எங்கே பிறக்கிறது? டென்மார்க்கின் யோஹானஸ் ஷ்மிட் இதற்கு ஒரு வழி கண்டார். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 1904-ல் ஃபரோ தீவுகள் அருகே அவர் வலையில் ஒரு குஞ்சு சிக்கியது. நீளம் ஏழு சென்டிமீட்டருக்கு மேல். அவ்வளவு வளர்ந்தது அங்கே பிறந்திருக்காது. குஞ்சு நீரோட்டத்தில் மிதந்து வரும்போதே வளர்கிறது என்றால், பிறந்த இடத்தை நெருங்க நெருங்கச் சின்னக் குஞ்சுகள் கிடைக்க வேண்டும். எனவே அட்லாண்டிக் முழுக்க வலை இழுத்து, எந்த இடத்தில் எவ்வளவு நீளமான குஞ்சு கிடைத்தது என்று குறித்துக்கொண்டே போனார். கப்பல் தலைவர்கள் பலரும் அவருக்காக வலை இழுத்தார்கள். நடுவில் முதல் உலகப்போரும் வந்துபோனது. மேற்கே போகப் போகக் குஞ்சுகள் சிறுத்தன. ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத மிகச் சின்னக் குஞ்சுகள் சர்காசோ கடலில் கிடைத்தன. கரையே இல்லாத கடல் அது. நாலு பக்கமும் நீரோட்டங்களே அதன் எல்லை.

ஷ்மிட்டின் முடிவு இன்றும் நிற்கிறது. அசோர்ஸ் தீவுகளில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி விடப்பட்ட பெண் விலாங்குகளில் சில சர்காசோ வரை போய்ச் சேர்ந்ததை 2022-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் முட்டையிடும் இடம் எது, எந்த ஆழம், எந்த நாள்? மிகச் சின்னக் குஞ்சுகளே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பரவிக் கிடக்கின்றன. பயணத்தில் விலாங்கு பகலில் பல நூறு மீட்டர் ஆழத்துக்கு இறங்கி, இரவில்தான் மேலே வருகிறது.

இது முடியாத காரியமில்லை என்று ஜப்பானியர்கள் காட்டியிருக்கிறார்கள். தங்கள் பகுதி விலாங்கை அவர்கள் பல ஆண்டுகள் துரத்தி, 2009 மே மாதத்தில் மரியானா தீவுகளுக்கு மேற்கே அதன் முட்டைகளைக் கடலிலிருந்தே எடுத்தார்கள். அமாவாசையை ஒட்டித் தேட வேண்டும் என்று முன்பே கணித்திருந்ததுதான் கைகொடுத்தது. அந்த முட்டைகள் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. இரண்டு நாளுக்குள் பொரிந்துவிடும். கப்பல் சற்றுத் தாமதித்திருந்தால் வெறும் தண்ணீர்தான்.

ஐரோப்பிய விலாங்குக்கு அப்படியொரு நாட்கணக்கு இன்னும் பிடிபடவில்லை. இதற்கிடையே, ஐரோப்பியக் கரைக்கு வந்து சேரும் குஞ்சுகள் 1980-களிலிருந்து 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டன. அணைகள், மாசு, ஒட்டுண்ணி, மீன்பிடிப்பு என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. கடலிலேயே எத்தனை குஞ்சுகள் அழிகின்றன என்பதைக் கணக்கிட, அவை எங்கிருந்து கிளம்புகின்றன என்பது தெரிந்தாக வேண்டும். பண்ணைகளும் முட்டையிலிருந்து விலாங்கை வளர்ப்பதில்லை. கரைக்கு வரும் அதே குஞ்சுகளைப் பிடித்துத்தான் வளர்க்கின்றன.