512 பைட்டுக்குள் ஒரு குழு அரட்டை

பெஸ்தாரி ஜெயா, அதாவது 2007 வரைக்கும் பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர் இருந்த, இன்னும் பாதிப் பேர் அப்படியே சொல்கிற எங்கள் மலேசிய ஊரில், டவுனை விட்டுச் செம்பனைத் தோட்டத்துக்குள் கொஞ்ச தூரம் போனாலே கைப்பேசியில் லைன் ஒரு கோட்டுக்கு இறங்கிவிடும். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய வாழ்த்துப் படம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதே லைனில் தடுமாறாமல் ஓடுகிற குழு அரட்டை ஒன்று உண்டு. கறுப்புத் திரை, வெறும் எழுத்து, படம் கிடையாது, ஸ்டிக்கர் கிடையாது, மவுஸ்கூடத் தேவையில்லை. பெயர் ஐஆர்சி, இன்டர்நெட் ரிலே சாட் என்பதன் சுருக்கம். டெர்மினல் என்கிற அந்தக் கறுப்புத் திரையில் அதை ஓட்டுவதற்கு இர்சி, வீசாட் என்று இரண்டு நிரல்கள் பிரபலம். நான் அதைத் திறந்து வைத்திருந்ததைப் பார்த்து அக்கா மகன், "மாமா, ஹேக் பண்றீங்களா?" என்று கேட்டான். ஹேக்கும் இல்லை ஒன்றும் இல்லை, உள்ளே நடப்பது ரொம்பச் சின்ன வேலை. அது எவ்வளவு சின்னது என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஐஆர்சியை எழுதியவர் யார்க்கோ ஒய்காரினன், பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில், 1988 ஆகஸ்டில். நாற்பதைத் தாண்டிய மலேசியர்களுக்கு எம்ஐஆர்சி என்று சொன்னால் சட்டென்று புரியும், 1515க்கு மோடத்தில் டயல் செய்து, வீட்டில் யாரும் ஃபோனை எடுத்துவிடக் கூடாதே என்று பயந்துகொண்டே அரட்டை அடித்த காலம். எம்ஐஆர்சி என்பது விண்டோஸில் ஓடிய ஒரு கிளையன்ட், அதாவது நம் கணினியில் இருக்கிற அரட்டை நிரல், அவ்வளவுதான். பேச்சைச் சுமந்து போனது இதே ஐஆர்சி நெறிமுறை. இன்றைக்கும் நிறைய கட்டற்ற மென்பொருள் குழுக்கள் லிபேரா, ஓஎஃப்டிசி போன்ற ஐஆர்சி வலைகளில்தான் கூடுகின்றன. பிள்ளைகள் பார்க்கிற ட்விட்ச் நேரலையின் அரட்டைக்குள்கூட ஐஆர்சி கிளையன்ட் வழியாக நுழைய முடியும்.

சரி, நீங்கள் "பசியாறியாச்சா?" என்று தட்டி என்டர் அழுத்துகிறீர்கள், என்ன நடக்கிறது?

கிளையன்ட் ஆரம்பத்திலேயே சர்வரோடு ஒரு டிசிபி இணைப்பை (அனுப்பியது வரிசை மாறாமல் போய்ச் சேரும் வகை) திறந்து வைத்திருக்கும், வெளியேறும் வரை அதை மூடாது. அந்த இணைப்பில் ஒரே ஒரு வரியை எழுதுகிறது: முதலில் கட்டளைச் சொல், அப்புறம் சேனலின், அதாவது அரட்டை அறையின், பெயர் (முன்னால் # இருக்கும்), ஒரு முக்காற்புள்ளி, அதன் பின்னால் நீங்கள் தட்டியது, கடைசியில் வரி முடிந்தது என்று காட்ட இரண்டு பைட். சர்வர் அந்த வரியின் முன்னால் உங்கள் நிக் (அரட்டையில் நீங்கள் வைத்துக்கொண்ட பெயர்), பயனர் பெயர், நீங்கள் வருகிற முகவரி மூன்றையும் ஒட்டி, சேனலில் இருக்கிற மற்ற எல்லோருக்கும் அனுப்புகிறது. முடிந்தது. உள்ளே போவதற்கு ஒரு வரி, நிக் மாற்ற ஒரு வரி, வெளியேற ஒரு வரி. இத்தனையும் மனிதன் படிக்கக்கூடிய எழுத்திலேயே போவதால், அரட்டை நிரல் எதுவும் இல்லாமல் டெல்நெட் என்ற பழைய இணைப்புக் கருவியில் சர்வரைப் பிடித்து அந்த வரிகளைக் கையாலேயே தட்டிப் பேசிவிடலாம். ஒருமுறையாவது செய்து பாருங்கள், புத்தகம் படிப்பதைவிட வேகமாகப் புரியும்.

ஒரு வரி சராசரியாக 100 பைட் என்று வைத்தால், ஒரு மெகாபைட் படத்துக்கு ஆகிற டேட்டாவில் 10,000 வரி பேசிவிடலாம். அரைக்கோடு லைனிலும் இது ஓடுவதற்குக் காரணம் அவ்வளவுதான்.

இணைப்பு திறந்தே இருக்கிறது என்றேன், ஆனால் மழை இடித்து லைன் போய்விட்டால் சர்வருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. டிசிபியில் மறுமுனை சொல்லாமல் செத்துப்போனால் இந்த முனை நீண்ட நேரம் அப்பாவியாகக் காத்திருக்கும். அதனால் அந்தக் காலத்துத் தோட்டத்தில் விடிகாலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டதைப் போல, சர்வர் அவ்வப்போது பிங் என்று ஒரு வரி அனுப்பும், கிளையன்ட் உடனே பாங் என்று பதில் வரி போட வேண்டும். பதில் வரவில்லையென்றால் பெயரை அடித்துவிடுவார்கள், சேனலில் உங்கள் நிக்குக்குப் பக்கத்தில் "பிங் டைம்அவுட்" என்று வரும். டெல்நெட்டில் கையால் பேசுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான், பாங்கையும் நாமேதான் தட்ட வேண்டும்.

இப்போது திரைப் பக்கம். டெர்மினல் என்பது எழுத்துக் கட்டங்களாலான ஒரு பலகை, பழைய அளவில் 80 பத்தி, 24 வரிசை. சாதாரணமாக அது நீங்கள் தட்டுவதைத் தன்னிடமே வைத்திருந்து, என்டர் அழுத்திய பிறகுதான் நிரலிடம் கொடுக்கும். அரட்டைக்கு இது ஆகாது. நீங்கள் பாதி வாக்கியம் தட்டிக்கொண்டிருக்கும்போது வேறொருவரின் வரி வந்து நடுவில் விழுந்து எல்லாம் குழம்பிவிடும். அதனால் கிளையன்ட் அந்தப் பழக்கத்தை அணைத்துவிட்டு, ஒவ்வொரு விசையையும் அழுத்திய உடனே நேரடியாக வாங்கிக்கொள்கிறது. கடைசி வரிசையை உங்களுக்கென்று ஒதுக்கி, மேலே உள்ளதை மட்டும் நகர்த்துகிறது. நகர்த்துவது எப்படி? எஸ்கேப் என்ற கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் தொடங்கும் சிறு குறிகளால்: கர்சரை 23ஆம் வரிசைக்குக் கொண்டு போ, இந்தப் பகுதியை ஒரு வரி மேலே தள்ளு, இனி வருவதைப் பச்சையில் எழுது. 1978இல் டிஇசி நிறுவனம் வெளியிட்ட விடி100 டெர்மினல் பரவலாக்கிய குறிகள் இவை. இன்றைய டெர்மினல் நிரல்கள் எல்லாமே இன்னும் அதே மொழியைத்தான் புரிந்துகொள்கின்றன.

விசைப்பலகை ஒரு பக்கம், நெட்வொர்க் ஒரு பக்கம், இரண்டில் எது முதலில் பேசும் என்று தெரியாத நிலையில் நிரல் என்ன செய்யும்? இரண்டையும் சுரண்டிச் சுரண்டிக் கேட்டுக்கொண்டிருந்தால் பேட்டரி காலி. அதற்குப் பதிலாக, "இந்த இரண்டில் எதிலாவது ஏதாவது வந்தால் என்னை எழுப்பு" என்று இயங்குதளத்திடம் சொல்லிவிட்டுத் தூங்கிவிடுகிறது. வந்ததும் எழுந்து, ஒரு வரி எழுதிவிட்டு மறுபடி தூக்கம். பத்து வருடத்துப் பழைய மடிக்கணினியிலும் மின்விசிறி சுற்றாமல் இது ஓடுவது அதனால்தான்.

சர்வர் ஒன்றல்ல, பல. அவை வட்டம் எதுவும் இல்லாமல் மர வடிவில் இணைக்கப்பட்டிருக்கும், எந்த இரண்டு சர்வருக்கும் நடுவில் ஒரே ஒரு பாதைதான். வட்டம் இருந்தால் ஒரே செய்தி இரண்டு வழியாகச் சுற்றி இரண்டு முறை வந்து சேரும், அதைக் கண்டுபிடித்துக் கழிக்கத் தனி வேலை. மரத்தில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் ஒரு இணைப்பு அறுந்தால் வலை சரியாக இரண்டாகப் பிளந்துவிடும். இதற்கு நெட்ஸ்பிளிட் என்று பெயர். ஐம்பது பேர் இருந்த சேனலில் ஒரே நொடியில் இருபது பேர் காணாமல் போவார்கள், அவர்கள் பார்வையில் நாம் முப்பது பேரும் காணாமல் போயிருப்போம். யாருக்கும் கோபமில்லை, இணைப்பு திரும்பியதும் வந்துவிடுவார்கள். முன்பெல்லாம் இந்த இடைவெளியைப் பயன்படுத்தி, ஆளில்லாத பாதியில் சேனலின் அதிகாரியாகி, வலை ஒட்டியதும் சேனலையே பிடுங்கிக்கொள்கிற போக்கிரிகள் இருந்தார்கள். பிறகு சேனல் உருவான நேரத்தை ஒப்பிட்டு, பழையதற்கே உரிமை என்று சர்வர்கள் முடிவெடுக்கத் தொடங்கின.

புதிதாக வருகிறவர்களுக்குப் பெரிய எரிச்சல், நீங்கள் இல்லாத நேரத்தில் பேசப்பட்டது பொதுவாகக் கிடைக்காது என்பது. வாட்ஸ்அப் உங்கள் கைப்பேசி திரும்ப வரும்வரை செய்தியைப் பிடித்து வைத்திருக்கும், ஐஆர்சி சர்வர் வந்த வரியைப் பங்கிட்டுவிட்டு மறந்துவிடும். வழக்கமான மருந்து, எப்போதும் விழித்திருக்கிற ஒரு வாடகை சர்வரில் இர்சியை, நாம் விலகினாலும் திரையை உயிரோடு வைத்திருக்கிற டீமக்ஸ் என்ற நிரலுக்குள் ஓட விட்டு, நாம் வேண்டும்போது எஸ்எஸ்ஹெச் (தூரத்துக் கணினிக்குள் நுழையும் வழி) வழியாகப் போய் அந்தத் திரையைப் பார்ப்பது. ஆனால் எஸ்எஸ்ஹெச்சில் ஒவ்வொரு விசையும் அங்கே போய்த் திரும்பி வந்தால்தான் திரையில் தெரியும், எங்கள் ஊர் லைனில் அது கொடுமை. மாஷ் என்று ஒன்று இருக்கிறது, அது டிசிபி போல இணைப்பைத் திறந்து வைக்காத யூடிபியில் ஓடும், நீங்கள் தட்டிய எழுத்தைச் சர்வர் சொல்வதற்கு முன்பே ஊகித்துக் காட்டிவிடும், லைன் அறுந்து வேறு முகவரியில் வந்தாலும் விட்ட இடத்தில் தொடரும். செம்பனைக்குள் இருப்பவர்கள் யோசிக்காமல் இதையே போடலாம். அப்புறம், 6667 என்ற பழைய போர்ட்டில் (சர்வரின் வாசல் எண்) எல்லாம் வெளிப்படையாகப் போகும், 6697இல் டிஎல்எஸ் என்ற மறையாக்கப் பூட்டு உண்டு. அந்தப் பூட்டும் சர்வர் வரைக்கும்தான், சர்வர் நடத்துகிறவர் நினைத்தால் படிக்கலாம். வங்கி எண்ணை எல்லாம் அங்கே போடாதீர்கள்.

தமிழுக்கு வருவோம். 1993இல் ஆர்எஃப்சி 1459 என்று எழுதி வைக்கப்பட்ட விதிப்படி ஒரு வரி 512 பைட்டைத் தாண்டக் கூடாது, முடிவுக் குறி இரண்டும் இதில் சேர்த்தி. சர்வர் முன்னால் ஒட்டுகிற பெயர், முகவரி எல்லாம் சில சமயம் 100 பைட்டைத் தின்றுவிடும். மீதி 400 சொச்சம். ஆங்கிலத்துக்கு எழுத்துக்கு ஒரு பைட், தாராளம். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், அதுவும் "சி" என்ற ஒரு எழுத்து ச, இகரக் குறி என இரண்டாகச் சேமிக்கப்படும். "பசியாறியாச்சா?" 7 எழுத்தும் ஒரு கேள்விக்குறியும்தான், ஆனால் 40 பைட், ரோமன் எழுத்தில் தட்டினால் 15 பைட்டைச் சுற்றி முடிந்துவிடும். ஆகத் தமிழில் ஒரு வரிக்கு 80 எழுத்துக்குப் பக்கம்தான் இடம். தாண்டினால் நல்ல கிளையன்ட் வரியைத் தானே உடைத்து அனுப்பும், மோசமான கிளையன்ட் சர்வரின் வெட்டுக்கு விட்டுவிடும், வெட்டு மூன்று பைட்டுக்கு நடுவில் விழுந்தால் கடைசியில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி. நீளமாக ஒட்டலாம் என்றும் நினைக்காதீர்கள், அதே விதி ஒவ்வொரு வரிக்கும் 2 நொடித் தண்டனை வைத்திருக்கிறது, அது 10 நொடி சேர்ந்ததும் சர்வர் உங்கள் வரிகளை நிதானமாக்கிவிடும்.

திரையில் இன்னொரு சிக்கல். "செம்பனை" என்பதில் கொம்பு, ச-வுக்குப் பிறகு சேமிக்கப்பட்டாலும் ச-வுக்கு முன்னால் வரையப்பட வேண்டும். எழுத்துக்கு ஒரு கட்டம் என்று நினைக்கிற டெர்மினல் ச-வை ஒரு கட்டத்திலும், கொம்பைப் புள்ளி வட்டத்தோடு அடுத்த கட்டத்திலும் போட்டுவிடும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு அகலம் பூஜ்யம், துணைக்காலுக்கு ஒன்று என்று அட்டவணை இருக்கிறது. டெர்மினலும் கிளையன்டும் ஆளுக்கு ஒரு அட்டவணை வைத்திருந்தால் கர்சர் ஓரிடத்தில், அழிகிற எழுத்து வேறிடத்தில். எம்எல்டெர்ம் இந்திய எழுத்துகளைக் கோத்து வரையத் தெரிந்த டெர்மினல், தமிழில் அரட்டை அடிக்க விரும்புகிறவர்கள் அதிலிருந்து தொடங்குங்கள்.

நிக் மட்டும் அநேகமாக எங்கும் தமிழில் வைக்க முடியாது, பழைய விதி ரோமன் எழுத்து, எண், சில குறிகளோடு சரி. அந்தக் குறிகளில் ஒரு வேடிக்கை: சதுர அடைப்பும் நெளி அடைப்பும் ஒரே எழுத்தின் பெரிய, சிறிய வடிவம் என்று விதி சொல்கிறது, ஏனென்றால் அன்றைய பின்லாந்து எழுத்துக் குறியீட்டில் அவர்களுடைய சொந்த எழுத்துகள் உட்கார்ந்திருந்தது அந்த அடைப்புகளின் இடத்தில்தான். ஆக, உங்கள் நிக்கில் சதுர அடைப்பு இருந்தால், அதே பெயரை நெளி அடைப்போடு இன்னொருவர் எடுக்கப் பார்த்தாலும் பல சர்வர்கள் "ஆள் இருக்கிறது" என்று சொல்லிவிடும்.