ஐ7 ஸ்டிக்கரைப் பார்த்து கம்ப்யூட்டர் வாங்காதீர்கள்

மறுபடியும் ஒருவர் செகண்ட் ஹேண்டில் வாங்கிய 'ஐ7' கம்ப்யூட்டரை சர்வீஸுக்குக் கொண்டுவந்திருக்கிறார். டிவியில் இணைத்து 4கே படம் போட்டால் திக்கித் திக்கி ஓடுகிறதாம். சத்தம் முன்னே போக, படம் பின்னே வருகிறதாம். ராம் 16 ஜிபி. எஸ்எஸ்டி புதுசு. ப்ராசஸர் மட்டும் ஐ7-2600, 2011இல் வந்தது. இதில் ரிப்பேர் பார்க்க எதுவுமே இல்லை. அதை அவரிடம் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் காசு ஏற்கெனவே கைமாறிவிட்டது.

இன்டெல் ப்ராசஸர்களில் ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம் ஒரே தலைமுறைக்குள் (ஜெனரேஷன்) எது பெரியது, எது சிறியது என்று சொல்லும் அடையாளம், அவ்வளவுதான். வெவ்வேறு ஆண்டுகளில் வந்தவற்றை அதை வைத்து ஒப்பிடவே கூடாது. ஐ7-க்கு அடுத்த சிறு கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 2600 என்றால் 2ஆம் ஜெனரேஷன். 8100 என்றால் 8. 10400 என்று ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டையும் சேர்த்து 10. 2017இல் வந்த ஐ3-8100 சர்வசாதாரணமாக ஓட்டும் படத்தில் இந்த ஐ7 திணறுகிறது. ஐ3 எப்படி ஐ7-ஐ முந்தும் என்று என்னிடம் சண்டைக்கே வந்தவர்கள் உண்டு.

இப்போதைய 4கே படங்கள் பெரும்பாலும் 10 பிட் எச்இவிசி என்ற முறையில் சுருக்கப்பட்டவை. இன்டெல்லில் அதற்கான ஹார்டுவேர் டிகோடிங், அதாவது அதை விரித்துக் காட்டவே சிப்பில் இருக்கும் தனிப் பகுதி, முழுமையாக வந்தது 7ஆம் ஜெனரேஷனில். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துப் படத்தை ஓட்டினால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். பழைய மெஷினில் சிபியு (ப்ராசஸர்) கோடு உச்சியில் முட்டி நிற்கும், ஃபேன் அலறும். சரியான மெஷினில் சிபியு அடியிலேயே கிடக்கும். ஜிபியு (கிராஃபிக்ஸ்) பக்கத்தில் 'வீடியோ டிகோட்' மட்டும் எழும். ராமை 32 ஜிபி ஆக்கினாலும் இது மாறாது. எஸ்எஸ்டி போட்டாலும் மாறாது. விற்பவர்கள் அந்த இரண்டையும் கொட்டை எழுத்தில் போடுவதற்குக் காரணம், மாற்ற எளிதானவை அவைதான் என்பதே.

நான் யாருக்கும் 8ஆம் ஜெனரேஷனுக்குக் கீழே சொல்வதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது, இன்டெல்லில் பொதுவாக 8இலிருந்துதான். ஏவி1 என்ற புதிய வகை வீடியோவும் ஹார்டுவேரில் ஓட வேண்டுமென்றால் 11ஆம் ஜெனரேஷன் வேண்டும்.

டிவியை இணைக்கும் எச்டிஎம்ஐ போர்ட்டையும் கவனியுங்கள். பழைய ஆபீஸ் மெஷின்களில் அது 1.4 வெர்ஷனாக இருந்தால் 4கே-யில் 30 ஹெர்ட்ஸ்தான் (நொடிக்கு 30 முறை படம் மாறுவது) வரும். டிஸ்பிளே போர்ட் என்ற இன்னொரு வகை போர்ட் 1.2 வெர்ஷனில் இருந்தால் நல்ல ஆக்டிவ் அடாப்டர் போட்டு 60 ஹெர்ட்ஸ் எடுக்கலாம்.

கேம் விஷயம். ஒல்லியான ஆபீஸ் கம்ப்யூட்டரை வாங்கிவிட்டு "கிராஃபிக்ஸ் கார்டு அப்புறம் போட்டுக்கலாம்" என்பவர்கள் முதலில் மூடியைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அரை உயரக் கார்டுதான் உள்ளே போகும். தனி பவர் கேபிள் இல்லாததால் கார்டைச் செருகும் ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் அடங்க வேண்டும். கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸும் பெரும்பாலும் அந்தக் கம்பெனிக்கே உரிய அளவில் இருக்கும், கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. இதற்கு லோ புரொஃபைல் (அரை உயர) ஜிடிஎக்ஸ் 1650 கார்டு சரியாக வரும். '4 ஜிபி கார்டு' என்று மட்டும் சொன்னால் நம்பாதீர்கள், ரொம்பப் பழைய, மெதுவான ஜிடி 730-யிலும் 4 ஜிபி உண்டு! ஜிடி 1030 என்றால் அதிலுள்ள மெமரி டிடிஆர்4-ஆ, ஜிடிடிஆர்5-ஆ என்று கேளுங்கள்; முதலாவது ரொம்ப மந்தம். கார்டே வேண்டாம் என்றால், கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கும் ஏஎம்டி ப்ராசஸரான ரைசன் 5 3400ஜி பாருங்கள், ராம் மட்டும் இரண்டு ஸ்டிக்காக இருக்கட்டும்.

வாங்கப் போகும்போது உங்கள் 4கே படம் ஒன்றைப் பென்டிரைவில் கொண்டுபோங்கள். ப்ராசஸர் பெயரை ஸ்டிக்கரில் பார்க்காமல் டாஸ்க் மேனேஜரில் பாருங்கள். கார்டு இருந்தால் ஜிபியு-இசட், டிஸ்க்குக்கு கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற சாஃப்ட்வேர்களை ஓட்டிப் பாருங்கள். டிஸ்க்குக்கு மஞ்சள் நிறம் காட்டினால் அந்த டிஸ்க்கை விலையில் கணக்கு வைக்காதீர்கள். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது வரும் அடிப்படை செட்டிங்கான பயாஸில் பாஸ்வேர்டு இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். அரை மணி நேரம் ஓடவிட்டு ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள், இது ஹாலில் டிவி பக்கத்தில் இருக்கப்போகும் பொருள். ஓட்டிக்காட்ட மாட்டேன் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் மாடல் எண்ணைத் தெரிந்தவர் யாருக்காவது அனுப்பிக் கேளுங்கள். தயவுசெய்து பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.