சொல் விளக்கம்: பிரைமரி, காக்கஸ்

அமெரிக்க அதிபர் தேர்தல் வந்தால் நம் செய்திகளில் பிரைமரியை ‘முதன்மைத் தேர்தல்’ என்று எழுதுகிறார்கள். முதன்மை என்றால் தலையாயது. தலையாய தேர்தல் நவம்பரில் நடப்பது. பிரைமரியோ அதற்கு முன்னால், ஒரு கட்சியின் வேட்பாளர் யார் என்று வாக்காளர்கள் முடிவுசெய்வது. லத்தீன் மூலத்திலும் வரிசையில் முதல் என்ற பொருள் உண்டு, அதுதான் இங்கே பொருந்தும். ‘முதற்கட்டத் தேர்தல்’ என்றால் பல கட்ட வாக்குப்பதிவின் முதல் நாள் என்று நம்மவர்கள் நினைப்பார்கள். ‘உட்கட்சித் தேர்தல்’ என்றால் கிளைச் செயலாளர், மாவட்டச் செயலாளர் ஞாபகம் வரும். ‘முன்தேர்தல்’ என்பதே சரி.

காக்கஸ் என்பது வேட்பாளரைத் தேரக் கட்சிக்காரர்கள் நேரில் கூடும் கூட்டம். அந்தச் சொல்லின் வேர் இன்னும் உறுதியாகவில்லை. ஆலோசகரைக் குறிக்கும் அல்கோன்கியன் பழங்குடிச் சொல் என்பார்கள், குடிக்கும் கிண்ணத்தின் பழைய பெயர் என்றும் சொல்வார்கள். ஆனால் 1763 பிப்ரவரியில், பின்னாளில் அதிபரான ஜான் ஆடம்ஸின் நாட்குறிப்பில் அது வந்துவிடுகிறது. பாஸ்டனில் ஒரு வீட்டுப் பரணில் சிலர் கூடுகிறார்கள். ஒரு கோடியிலிருந்து மறுகோடி தெரியாத அளவுக்குப் புகையிலைப் புகை. ஊர் வாக்களிக்கும் முன்பே ஊர்ப் பதவிகள் யார் யாருக்கு என்று அங்கே முடிவாகிவிடும். தமிழில் இதைக் ‘கட்சிக் கூடல்’ எனலாம். நேரில் போனால்தான் கூடல், இல்லையா? அதன் அநியாயமும் அங்கேதான் இருக்கிறது. அயோவா மாநிலத்தில் 2020 வரை ஜனநாயகக் கட்சியினர் இரவு ஏழு மணிக்குப் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் கூடி, தங்கள் வேட்பாளருக்கு உரிய மூலையில் போய் நிற்பார்கள். பெரும்பாலான இடங்களில் 15 விழுக்காடு சேராத அணி கலைந்து வேறு மூலைக்குப் போக வேண்டும். யார் எங்கே நிற்கிறார் என்பதை அண்டை வீட்டுக்காரரும் முதலாளியும் பார்ப்பார்கள். இரவுப் பணிச் செவிலியருக்கு அங்கே இடமே இல்லை.

அப்புறம் ‘திறந்த’, ‘மூடிய’ முன்தேர்தல்கள். திறந்ததில் எந்த வாக்காளரும் வாக்களிக்கலாம், மூடியதில் அந்தக் கட்சியின் பெயரில் பதிந்தவர்கள் மட்டும். மூடிய என்றாலே கதவைச் சாத்திய எரிச்சல் வந்துவிடுகிறது, வழக்கை விசாரிக்கும் முன் தீர்ப்பு எழுதியதுபோல. ‘உறுப்பினர் மட்டும்’ என்பதும் தவறு. அங்கே சந்தா, உறுப்பினர் அட்டை எதுவும் தேவையில்லை, வாக்காளர் பட்டியலில் கட்சியின் பெயரைப் பதிந்திருந்தால் போதும். ஆகவே ‘பதிந்தோர் முன்தேர்தல்’, ‘பொது முன்தேர்தல்’ என்று எழுதலாம்.

பதிந்தோர் முறைக்கும் நியாயம் உண்டு. எதிர்க்கட்சிக்காரர் வந்து நம் வேட்பாளரைத் தேர்ந்தால் எந்தக் கட்சிதான் பொறுக்கும்? எல்லாக் கட்சி வேட்பாளர்களையும் ஒரே வாக்குச்சீட்டில் போட்டு, யாரும் யாரையும் தேரலாம் என்றிருந்த கலிபோர்னியா முறையை 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது இதனால்தான். ஆனால் கெடு நியாயமாக இருக்க வேண்டும். 2016 ஏப்ரலில் நடந்த நியூயார்க் முன்தேர்தலுக்கு, ஏற்கெனவே பட்டியலில் இருந்தவர்கள் முந்தைய அக்டோபருக்குள் கட்சியை மாற்றிப் பதிய வேண்டியிருந்தது. டிரம்பின் மகள் இவாங்காவும் மகன் எரிக்கும் அதைத் தவறவிட்டு, தந்தைக்கே வாக்களிக்க முடியாமல் போனார்கள்.

கட்சி என்பது தனியார் சங்கம், யாரைச் சேர்ப்பது என்பது எங்கள் இஷ்டம் என்ற வாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை டெக்சாஸ் காட்டியது. அங்கே அந்தக் காலத்தில் ஜனநாயகக் கட்சி வேட்பாளரே ஏறக்குறைய எப்போதும் வென்றதால் முன்தேர்தலே உண்மையான தேர்தல். கறுப்பினத்தவருக்கு அதில் வாக்கு கிடையாது. ஹூஸ்டன் பல் மருத்துவர் லோனி ஸ்மித் தொடுத்த வழக்கில், 1944இல்தான் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைத் திறந்தது.